சீட்டுப் பணத்தில் ஒரு கேமரா

சீட்டு எடுத்த கையோடு ஒரு பெண் நகைக் கடைக்குப் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கினாலும் கேட்பதில்லை. வீட்டுக்கு வேண்டிய சாமான் அல்லவா! ஒன்றரை லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக் கேமரா வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோதுதான் கேள்விகள் வந்து குவிந்தன. "காலேஜ் படிக்கிற பொண்ணை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அதான் போன்லயே கேமரா இருக்கே?" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடி மூன்று மாதம் விசாரித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், எதற்காகக் கேமரா என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கு வயது 82. நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்தால், பிள்ளைகள் எல்லாம் மேலமலைப் பாறையில் ஓடி ஏறி, விஜயாலய சோழீசுவரத்தின் வாசலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்களாம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வயல் வேலை. அதெல்லாம் முடிந்து மூச்சு விட்டபோது மூட்டு வலி வந்துவிட்டது. இப்போது கண்ணும் மங்குகிறது. கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வாசல்ல நிக்கிற துவாரபாலகரை இன்னொரு தடவை பாத்துட்டாப் போதும்த்தா" என்று அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

என் போனில் எடுத்துவந்து காட்டினேன். அந்தச் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டால் இருட்டான இடமெல்லாம் சேறு பூசியதுபோல் வந்தது. போனைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் போனே தாராளம்; அதற்காக யாரும் லட்சம் செலவு செய்ய வேண்டாம். இருட்டில் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்னும்போதுதான் சங்கதி வேறாகிறது.

என் அண்ணன் மகன் திருச்சியில் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவன். அவன்தான் விளக்கினான். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். தூறல் போடும்போது முற்றத்தில் ஒரு தம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? போனில் இருப்பது தம்ளர். ஃபுல் பிரேம் என்கிற கேமராவில் இருப்பது அண்டா: 36 மில்லி மீட்டர் அகலம், 24 மில்லி மீட்டர் உயரம். நம் கல்யாணப் போட்டோக்களின் ஃபிலிம் சுருளில் ஒரு கட்டம் இருக்குமே, அதே அளவு. கர்ப்பகிருகத்துக்கு முன்னால் இருக்கும் அரை இருட்டில் அண்டாதான் கைகொடுக்கும்.

அந்த அளவு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக் என்பவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராவைச் சுமந்துகொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கும்படி கைக்கு அடக்கமான ஒரு கேமராவைச் செய்தார். 1925-ல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உடம்புக்கு முடியாத ஒருவர் எடை குறையட்டும் என்று செய்தது. அதனால்தானோ என்னவோ, எடை விஷயத்தில் நானும் கறாராக இருந்தேன்.

எனக்கு வயது 46. இரண்டு வருஷத்துக்கு முன் வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை பின்ன முடியாமல் அவதிப்பட்டவள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை இருந்தால், இது வருவது சகஜமாம். ஒரு பக்கத் தோளில் கனம் தொங்கவிடாதே என்பது பிசியோதெரபி அம்மாளின் கண்டிப்பு. ஆகவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன் எடையைத்தான் கேட்டேன்.

சின்ன ஃபுல் பிரேம் கேமராக்களில் சிலவற்றைப் பார்த்தோம். பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை சொல்கிறேன். 2019-ல் வந்த சிக்மா எஃப்பி 422 கிராம். 2024-ல் வந்த பானசோனிக் எஸ்9 486 கிராம். இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூ ஃபைண்டர் கிடையாது. நம் ஊர்ப் பாறையில் பத்து மணி வெயிலில் நின்று பாருங்கள், பின்பக்கத் திரையில் நம் முகம்தான் தெரியும்! எனவே அவை வேண்டாம் என்றேன். 2023-ல் வந்த கேனான் ஆர்8-இல் வியூ ஃபைண்டர் உண்டு, எடையும் 461 கிராம்தான். ஆனால் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு கேமராவுக்குள் இல்லை. சில லென்சுகளில்தான் இருக்கிறது. 2020-ல் வந்த சோனி ஏ7சி 509 கிராம். வியூ ஃபைண்டர் கொஞ்சம் சின்னது, ஆனால் உண்டு. நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. 24 மெகா பிக்சல் என்பது 18 அங்குலப் பிரிண்டுக்குத் தாராளம். அதன் அடுத்த அவதாரமான ஏ7சி 2, 33 மெகா பிக்சலோடு 2023-ல் வந்தது. அது என் சீட்டுக்கு எட்டாது.

கேமரா சின்னதாக இருப்பது மட்டும் போதாது, சகோதரிகளே. ஏமாற்றம் ஒளிந்திருப்பது லென்சில்தான். ஒரு கடையில் 24-70 என்ற பெரிய ஜூமை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். "எல்லாத்துக்கும் இதான் மேடம்!" அது நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் சோனியின் அந்த உயர்ரக லென்சில் முதலில் வந்தது 886 கிராம், பிறகு வந்த இலேசானதே 695 கிராம். கேமராவைவிட லென்ஸ் கனமாக இருந்தால் சின்னக் கேமரா வாங்கி என்ன லாபம்? தராசில் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். அண்ணன் மகனும், "அத்தை, முதல்ல லென்ஸை முடிவு பண்ணுங்க, அப்புறம் பாடியப் பாக்கலாம்" என்றான்.

லென்சின் மேல் எஃப் என்று ஓர் எண் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் வாய் அகலம், வெளிச்சம் அதிகம் வரும். ஏ7சியோடு சேர்த்துக் கொடுக்கும் 28-60 ஜூம் 167 கிராம்தான், மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பகலில் கோபுரம், மலை, தெரு எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் 60-இல் வைத்தால் எஃப் 5.6. மண்டப இருட்டில் திணறும். அதற்காக ஜூம் இல்லாத 40 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் ஒன்று, 173 கிராம். எஃப் 5.6-ஐவிட ஐந்து மடங்கு வெளிச்சம் இதில் வரும். கிட்டப் போக வேண்டும் என்றால் நாம்தான் நடக்க வேண்டும். நடப்பது உடம்புக்கு நல்லதுதானே!

மூன்றும் சேர்த்து 849 கிராம். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். 850 கிராம் சர்க்கரையை நிறுத்துத் துணிப்பையில் கட்டி, கழுத்தும் தோளும் குறுக்காக மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒன்றரைக் கிலோ வைத்துப் பார்த்தேன். பாதி வழியிலேயே கை அதை இறக்கி வைக்க இடம் தேடிற்று. காசு செலவில்லாத பரிட்சை இது, நீங்களும் செய்து பாருங்கள்.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அங்கே வாங்கித் தருகிறேன் என்றான். வெளிநாட்டில் வாங்கினால் இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் கேட்கச் சொன்னேன். செல்லாது என்று பதில் வந்தது. அதனால் அண்ணன் மகனுக்குத் தெரிந்தவரிடம் ஒருவர் கைப்பட்ட ஏ7சியும் இரண்டு லென்சும் வாங்கினோம். பழையது வாங்குவோர் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லென்சை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்தால் சென்சாரில் தூசி இருப்பது கரும்புள்ளியாகத் தெரியும். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

மாசி மாதம் ஒரு காலை நானும் அவரும் மகளும் நார்த்தாமலைக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் திரும்ப வேண்டும். பாறையில் ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். கேமரா இடுப்போரம் அடக்கமாகக் கிடந்தது. முத்தரையர் கட்டியதா, சோழர் கட்டியதா என்று இன்றும் பேசப்படுகிற அந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் வானம் வெளுத்திருக்கும், வாசலோ நிழலில் இருக்கும். போனில் நான் முன்பு எடுத்தபோது ஒன்று வானம் வெளிறிப்போகும், இல்லையேல் துவாரபாலகர் கருத்துப்போவார். இப்போது இரண்டும் வந்தன. உள் மண்டபத்தில் தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி, 40 மி.மீ. லென்சில் எடுத்தேன். கல்லின் கொத்து கூடத் தெரிந்தது. எதிரே குகையில் வரிசையாக நிற்கிற பன்னிரண்டு விஷ்ணுக்களையும் விடவில்லை.

சித்தன்னவாசலிலும் அதே லென்ஸ்தான். சமணக் குகையின் கூரையில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தாமரைக் குளம் இருக்கிறது. மீனும் யானையும் பூப்பறிக்கிற ஆட்களும் அதில் உண்டு. இப்படிப்பட்ட ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிப்பது பாவம். காவலாளியைக் கேட்டுக்கொண்டுதான் கேமராவை வெளியே எடுக்க வேண்டும். பூஜை நடக்கும் கோயில்களில் இன்னும் கவனம் வேண்டும். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மூலவரைப் படம் எடுக்கும் ஆசையே வேண்டாம். விராலிமலை மயில்களையும் இந்தக் கேமராவை வைத்துக்கொண்டு நினைக்காதீர்கள். அதற்கு வேண்டிய 200-600 லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல்!

துவாரபாலகரை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுவந்து, ஜன்னல் ஓரம் மாமியாரிடம் கொடுத்தேன். வெகு நேரம் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு படத்தின் அடியில், வாசல் கல்லின் ஓரமாக விரலை வைத்தார். "இங்கனதான் தூக்குச்சட்டிய வப்போம். குரங்கு வருதான்னு நாந்தான் காவல்." பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துவந்தது அவர்தான்.

கேமராவைப் பட்டுப்புடவையோடு பீரோவில் பாச்சா உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அரிசிப் பானையில் புதைத்தால் ஈரம் போகும் என்பார்கள். அரிசித் தூசி லென்சுக்குள் போகும் என்பதுதான் நிஜம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் புழங்கினால் பூஞ்சை அண்டாது.

எனக்கும் வேலை இருக்கிறது. "சுனையை எடுக்கலையாத்தா?" என்று மாமியார் கேட்டுவிட்டார். மாசியில் சுனையில் தண்ணீர் குறைவு. ஐப்பசி மழையில் நிறையட்டும், அப்புறம் போகலாம் என்றார் வீட்டுக்காரர். "மொத மழைக்கே போயிட்டு வந்துருங்க" என்கிறார் மாமியார்.