வாசற்படியும் பற்றுச்சீட்டும்

துணியை வெளுப்பது ஒரு தொழில். வெளுப்பவர் வீட்டினுள் எதுவரை வரலாம் என்பதோ தொழிலின்பாற்பட்டதன்று. அது சமுதாயம் வகுத்த விதி. இவ்விரண்டையும் பிரித்தறியாது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவிட்ட ஒருவர், ஒரு சேலையின் பொருட்டு அவற்றைப் பிரித்துக் காண நேர்ந்தது.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலே வாழும் அவர் இளைப்பாறிய ஆசிரியை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, அவர் கையோடு கொணர்ந்த பொருள்கள் மிகச் சில. 1968இல் மணவறையில் உடுத்த கூறைச்சேலை அவற்றுள் ஒன்று. தன் திருமணப் பதிவின்போது அதனையே உடுக்கப் பேர்த்தி விரும்பினாள். விரித்துப் பார்த்தபோது தலைப்பிலே பழுப்பு நிறக் கறை படர்ந்திருந்தது. மகன் தொலைபேசியிற் சொல்ல, வீட்டுக்கே வந்து துணியை எடுத்துச் சென்று மீளக் கொணர்ந்து தரும் உலர்சலவை நிலையம் ஒன்றின் வான் மறுநாட் காலையிலே வந்து நின்றது.

வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். கதவருகே நின்றவரை, "உள்ளுக்கு வாரும் தம்பி" என ஆசிரியை அழைத்தார். இளைஞர் உணவு மேசையிலே சேலையை விரித்து ஆராய்ந்தார். "அம்மா, இது என்ன கறையெண்டு ஞாபகம் இருக்கே?" என்று கேட்டார். 'உலர்' என்னும் பெயர் இருப்பினும் சேலை நனையவே செய்யும். நனைப்பது நீரன்று, எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஒரு திரவம். பழச்சாறு போன்றவற்றின் கறை அதிற் கரையாதாகையால் முன்னதாகக் கையாலே நீக்க முயலவேண்டும் என விளக்கினார். சரிகை ஏற்கெனவே கறுத்திருந்த இடங்களைப் பற்றுச்சீட்டிற் குறித்து ஒப்பம் பெற்றுக்கொண்டார்.

ஆசிரியை அவருக்குத் தேநீர் கொடுத்தார். வீட்டார் அருந்தும் அதே கோப்பைதான். அதனை நீட்டியபோதே அவர் மனம் ஊரின் பின்வளவுக்குச் சென்றது.

ஊரிலும் துணி வீட்டுக்கே வந்து எடுக்கப்பட்டது; வீட்டுக்கே கொணரப்பட்டது. அதைச் செய்தவர் கட்டாடி. அவர் முன்வாசலால் வந்ததில்லை. எழுத்தறியாதவர் எனக் கருதப்பட்ட அவர், சேங்கொட்டைச் சாற்றினால் வீட்டுக்கொரு குறியிட்டு, ஊரார் துணிகளையெல்லாம் பிழையின்றிப் பிரித்தறிந்தார். உவர்மண்ணிலே தோய்த்து, வெள்ளாவி வைத்து, நீலமும் கஞ்சியும் இட்டுக் கொணர்ந்தார். பிள்ளை பிறந்தாலும் பெண் பூப்பெய்தினாலும் மாற்றுத் துணி அவர் வீட்டிலிருந்தே வரவேண்டும். சாவீட்டிலே அவர் வெள்ளை கட்டவேண்டும். தூய்மையை அளித்தவர் அவர்; தீட்டுடையவர் எனத் தள்ளிவைக்கப்பட்டவரும் அவரே. தன் தந்தையின் வயதுடைய அம்மனிதரை, ஏழு வயதுச் சிறுமியாயிருந்த ஆசிரியை பெயர் சொல்லி "வா", "போ" என்று ஏவியதுண்டு. அதனை வீட்டிலே எவரும் திருத்தவில்லை. அவரும் திருத்தவில்லை, திருத்தும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

இந்நினைவுகளினூடே, தன்னையறியாமலே ஆசிரியை வினவினார்: "தம்பிக்கு எந்த ஊர்?"

யாழ்ப்பாணத்தவரிடையே இது எப்போதும் வெறும் சுகவிசாரணையாக இருப்பதில்லை. ஊரைச் சொன்னாற் குறிச்சியைக் கேட்பர். குறிச்சியைச் சொன்னாற் சாதியை அறிவர். இளைஞரும் அதனை அறிந்திருந்தார் போலும். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "கொழும்புதான் அம்மா" என்றார். அவர் பேச்சோ கொழும்புப் பேச்சன்று. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கிய பின்னரும் அந்த விடை அறையிலேயே நின்றது.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலே நிறைவேறியது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆலயங்களிலும் தேநீர்க்கடைகளிலும் நடந்த போராட்டங்கள் அச்சட்டத்துக்கு உயிரூட்டின. இவற்றையெல்லாம் வகுப்பறையிலே கற்பித்தவர்தான் ஆசிரியை. ஆயினும், எந்த ஊர் என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனைத் தடுக்கவேண்டியவர் கேட்பவரே.

பற்றுச்சீட்டு ஒரு சிறு காகிதமாயினும் அதன் பொருள் பெரிது. குடிமை முறையிலே உழைப்பின் பயன் நெல்லாகவும் பண்டமாகவும், ஏதோ கொடைபோல் வழங்கப்பட்டது. பற்றுச்சீட்டிலே அது விலையாகிறது. கொடை பெறுபவர் தலைகுனிய எதிர்பார்க்கப்படுகிறார். விலை பெறுபவர் நிமிர்ந்து நின்று ஒப்பம் கேட்கலாம்.

எனினும் இம்மாற்றத்தை முழு விடுதலை எனக் கொள்ளல் பொருந்தாது. கட்டாடியின் கைகளை ஊர் அறிந்திருந்தது, மதிக்கவில்லை. இன்று வாசலுக்கு வருபவர் மதிக்கப்படுகிறார். ஆனால் உள்ளறையிலே இயந்திரத்தருகில் நிற்பவரை எவரும் காண்பதில்லை. உலர்சலவைக்கு உலகெங்கும் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த பேர்குளோரோஎத்திலீன் என்னும் திரவத்தை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. உலர்சலவையில் அதன் பாவனையைப் பத்தாண்டு காலத்துள் ஒழிப்பதென 2024 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா விதி செய்தது. அத்தகைய ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவரின் பெயர் எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

நான்காம் நாட் சேலை திரும்பி வந்தது. கறை மங்கியிருந்தது, முற்றாக மறையவில்லை. ஓரத்திலே இலக்கமிட்ட சிறு துண்டொன்று குத்தப்பட்டிருந்தது. சேங்கொட்டைக் குறியின் இடத்திலே இப்போது இலக்கம். கொணர்ந்தவர் வேறோர் இளைஞர். ஆசிரியை அவரையும் உள்ளே அழைத்து அமரச் செய்தார். தேநீர் கொடுத்தார். அவருடைய பெயரைக் கேட்டார். கறை நீக்கியவருக்குத் தன் நன்றியைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

ஊரைக் கேட்கவில்லை.