டெக்கேலியாவுக்கு ஒரு கண்டிக் கடிதம்

கட்டுக்கலை, கண்டி
ஞாயிறு மாலை

அன்பின் மகளுக்கு,

உன் குரல் பதிவுகளை எல்லாம் கேட்டேன். பதிலுக்கு அந்த மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். தபாலில் போட்டால் நீங்கள் சைப்ரஸை விட்டுப் போன பிறகுதான் போய்ச் சேரும். அதனால் எழுதி முடித்ததும் மேல்வீட்டுப் பிள்ளையை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

அடுப்பைத் தேய்த்துக் கை தோலுரிந்துவிட்டது என்றாய். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஆள் வந்து அடுப்புக்குள்ளே தலையை விட்டுப் பார்ப்பார், கட்டில் மெத்தை முதல் கரண்டி வரை பட்டியலை வைத்து எண்ணுவார், சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் கணக்கு உண்டு என்பதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. அதற்கு ‘மார்ச் அவுட்’ என்று பெயராம். மருமகனின் பிரிட்டிஷ் பட்டாளத்தில் வீடு காலி பண்ணுவதற்குக்கூட அணிவகுப்பு வேண்டியிருக்கிறது! உன் கல்யாணத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன் என்று உன் அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். 83 ஜூலைக் கலவரத்தில் கண்டிக் கடைகள் எரிந்ததைப் பார்த்த எனக்கு எந்த நாட்டுச் சீருடையும் லேசில் பிடிக்காது. அது அப்படியே இருக்கட்டும். மருமகன் தங்கமான பிள்ளை, அதிலே மாற்றுக் கருத்து இல்லை.

அடுப்பை விடு. “நம்ம ஊரும் இல்லை, சொந்தமும் இல்லை, வேலைக்காக மூன்று வருசம் இருந்த இடம். இதுக்குப் போய் ஏன் பெரியம்மா அழுகை வருது?” என்று கேட்டாயே, அதற்குத்தான் இவ்வளவு பேப்பர்.

நம் ஊருக்கும் இப்படி வேலைக்காக வந்து இருந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பெரிய அத்தி மரத்தின் கீழே நீ சின்னதில் ஓடி விளையாடியிருக்கிறாய். அந்தத் தோட்டத்துக்குள்தான் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து போட்டார். அவர் குடியிருந்தது டவுனில், இப்போது ஜனாதிபதி மாளிகையாக இருக்கும் பங்களாவில். சண்டை பர்மாவில், அதற்கான கோப்பெல்லாம் மகாவலி வளைந்து ஓடும் இந்த மேட்டில், மரங்களுக்கு நடுவே போட்ட கொட்டகைகளில். ஆயிரக்கணக்கில் ஆட்கள். பிரிட்டிஷ், அமெரிக்க, இந்திய அதிகாரிகள், தட்டச்சு செய்யவும் தந்தி பார்க்கவும் வந்த பெண்கள். ஏரிக்கரையில் ஹோட்டல் சுவிஸிலும் அவர்கள்தான்.

அதில் ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஜூலியா மெக்வில்லியம்ஸ், ஆறடி இரண்டங்குல உயரம். ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் இரகசியத் தாள்களையெல்லாம் பதிந்து அடுக்கும் பொறுப்பு அவளுடையது. அதே அலுவலகத்தில் வரைபடங்களும் போர் அறைக்கான படங்களும் தயாரித்தவர் பால் சைல்ட், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் இங்கே பழகினார்கள். 1945 தொடக்கத்தில் முதலில் அவர், பிறகு அவள் என்று இருவரையும் சீனாவுக்கு மாற்றினார்கள். கண்டியை விட்டுப் போனபோது அவர்கள் இன்னும் ஜோடிகூட இல்லை. கல்யாணம் 1946 செப்டம்பரில்தான். அதற்குப் பிறகு பாலின் அரசாங்க உத்தியோகம் பாரிஸ், மார்செய், ஜெர்மனி, ஒஸ்லோ என்று அவர்களை இழுத்துக்கொண்டே போனது. கண்டியில் இருந்தபோது ஒழுங்காகச் சமைக்கத் தெரியாத அந்தப் பெண் பாரிஸில் சமையல் படித்தாள். ஒவ்வொரு மாற்றலுக்கும் சட்டி பானைகளைக் கட்டி அவிழ்த்து, தோழிகளோடு சேர்ந்து எழுதிய பிரெஞ்சுச் சமையல் புத்தகம் 1961இல் வந்தது. ஜூலியா சைல்ட் என்றால் அமெரிக்காவில் தெரியாதவர் இல்லை. மாற்றல் கடிதத்தைக் கண்டாலே தலையில் கைவைக்கிறாயே, அதற்காகச் சொன்னேன்.

தலைமையகம் 1945 நவம்பரில் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இன்றைக்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வௌவால்களையும் ஓர்க்கிட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு யுத்தத்தின் அலுவலகம் இங்கே இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மவுண்ட்பேட்டனைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அந்த அதிகாரிகளுக்குத் துணி வெளுத்தவர், பாண் போட்டவர், தேத்தண்ணி கொடுத்தவர் பெயரை நான் எதிலும் படித்ததில்லை. போனவர்கள் அவர்களிடம் சொல்லிக்கொண்டு போனார்களா என்பதும் தெரிய வழியில்லை.

சொல்லிக்கொள்ளவே முடியாமல் போனவர்களும் உண்டு. தலதா மாளிகைக்குப் பின்னால், மியூசியத்தைத் தாண்டி மேலே ஏறினால் பழைய பிரிட்டிஷ் காவற்படைக் கல்லறைத் தோட்டம். காய்ச்சலில் போன சிப்பாய்கள், பிள்ளைப் பருவம் தாண்டாத அவர்களுடைய குழந்தைகள், சின்ன வயது மனைவிமார். ஜோன் டொயிலியும் அங்கேதான். கண்டிப் பிரதானிகளைத் தன் பக்கம் இழுத்து, 1815இல் இராச்சியத்தையே வெள்ளைக்காரன் கைக்கு மாற்றிக் கொடுத்த மூளை அவருடையது. 1824இல் காய்ச்சல் கண்டு இங்கேயே செத்தார். அவரால் சிம்மாசனம் இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை, தமிழ் பேசிய நாயக்க வம்சத்து அந்த ராஜாவை, ராணிமாரோடு 1816 ஜனவரியில் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். அவர் 1832இல் அங்கே இறந்தார். ஊர்க்காரன் வேலூரில், வந்தவன் கண்டியில்! எது யாருடைய ஊர் என்று கணக்குப் பார்த்து அழுவதென்றால் இந்த ஊரில் யாருமே அழ முடியாது, மகள்.

நம் குடும்பத்துக் கதைக்கு வருகிறேன். உன் அம்மா இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அவள் அப்போது கைப்பிள்ளை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திரா காந்தியோடு பேசிப் பாதிப் பாதியாக்கினார்கள். எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு இந்தியா என்று விழுந்தது. புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்க்காத மனிதர். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவர் வாயே திறக்கவில்லை. தகரப் பெட்டியில் பெயின்டால் பெயரையும் கூடலூர் என்றும் எழுதினார், அவ்வளவுதான்.

சித்திதான் வேலையெல்லாம் பார்த்தாள். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னாலேயே தொடங்கினாள். முதலில் கடைக்குப் போய்ப் பற்றுக் கொப்பியை விரிக்கச் சொல்லி, பாக்கிக் காசைச் சல்லிச் சல்லியாக எண்ணி வைத்தாள். கடைக்கார முதலாளி சிங்களவர். கடைசிக் கணக்கை அவர் பேனாவால் வெட்டிவிட்டு, காசை வாங்காமல் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொடுத்தார். சித்தி காசை மேசையிலேயே வைத்துவிட்டு பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு லயம் லயமாக நடந்தாள், நானும் வாலைப்போல் பின்னால். இரவல் வாங்கிய இடியப்ப உரலைத் திருப்பிக் கொடுத்தாள். இரவல் கொடுத்திருந்த சுளகைக் கேட்டு வாங்கி, அந்த வீட்டுக்கே திரும்பக் கொடுத்தாள். பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த ஒரு வீட்டில் வாசல்படியில் உட்கார்ந்து, “தேத்தண்ணி ஊத்து, நாளைக்கு நான் கேக்க மாட்டேன்” என்றாள். அந்த அக்கா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவளும் ஒரு மார்ச் அவுட் செய்துவிட்டுத்தான் போனாள் என்று உன் பதிவைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது. பட்டியல் மட்டும் அவள் போட்டது.

கம்பளை ஸ்டேசனில் நடந்ததை எழுதப்போவதில்லை. தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிகளை மலைநாட்டில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சும்மா சொல்லவில்லை. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு நீலகிரித் தேயிலை.

இந்திரா காந்தியோடு பேசிய அதே 1974இல்தான் உன் எலுமிச்சைத் தோட்டத்து அம்மாவுக்கும் ஊர் போனது. நீ ‘கிரியா, கிரியா’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாயே, அவர்தான். ஆகஸ்டில் துருக்கிப் படை வர, ஃபமகுஸ்தாவிலிருந்து அப்பா அம்மாவோடு ஓடிவந்த சின்னப் பிள்ளை என்று நீயே சொன்னாய். 1960இல் சைப்ரஸுக்குச் சுதந்திரம் கொடுத்தபோது பிரிட்டன் தன் கையில் வைத்துக்கொண்ட இரண்டு துண்டு நிலத்தில் ஒன்று நீங்கள் இருக்கும் டெக்கேலியா. ஓடிவந்த ஜனம் கூடாரம் போட்டு ஒதுங்கியதும் அதே எல்லைக்குள் இருக்கும் காட்டில். அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை. இந்த நாற்பது ஐம்பது வருடத்தில் உங்களைப் போல எத்தனை பட்டாளக் குடும்பம் அவர் வீட்டுப் பக்கம் வந்து, எலுமிச்சம்பழம் வாங்கித் தின்று, ஒரு காலையில் காரேறிப் போயிருக்கும்!

ஆகையால் பெட்டிகள் லொறி ஏறுகிற அன்றைக்கு அவசர அவசரமாக ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிட்டு வராதே. இந்தக் கிழமையே ஒரு பின்னேரம் போ. பேரனைக் கூட்டிக்கொண்டு போ, அவனுக்கு அந்த அம்மா கிரேக்கத்தில் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அல்லவா, அவன் வாயாலேயே போகும் தேதியைச் சொல்லட்டும். உன்னிடம் இருக்கும் அவருடைய தட்டை வெறுமனே கொடுக்காமல் ரவா லட்டு பிடித்து வைத்துக் கொடு. அழுகை வந்தால் அங்கேயே அழு. மருமகன் தன் மேலதிகாரிகளுக்கு நடக்கும் விருந்துக்கு உன்னைக் கூப்பிட்டால் அதற்கும் போ, ஆனால் முதலில் இங்கே.

நீங்கள் மாற்றலாகிப் போகும் கேட்டரிக் வடக்கு இங்கிலாந்தாம், அங்கே குளிர் எலும்பைக் குடையும் என்று உன் அம்மா பயமுறுத்துகிறாள். பேரனுக்கு இரண்டு கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் லீவு கிடைத்தால் நேரே இங்கே வாருங்கள், ஆனால் பெரஹெரா நடக்கும் கிழமை வேண்டாம். ஏரியைச் சுற்றி நிற்கக்கூட இடமிருக்காது, மருமகன் வேனைத் திருப்ப முடியாமல் கட்டுகஸ்தோட்டையிலேயே மாட்டிக்கொள்வார். வரும்போது அந்தச் சுட்டுத் தின்னும் பாற்கட்டி, ஹலூமியோ என்னவோ, இரண்டு பாக்கெட் கொண்டு வா. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன விசயம் உன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
பெரியம்மா