ஒழுங்கையின் நடுவே ஒரு கோடு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தில் எங்கள் ஊர் அமைந்திருக்கிறது. கோயிலடி ஒழுங்கையின் ஒருபுறத்தில் என் அன்னையாரின் வீடு. மறுபுறத்தில் என் தமக்கையாரின் வீடு. இரண்டுக்கும் இடையே பத்தடி அகலமான மண்பாதை ஒன்றே உண்டு. எங்கள் நாட்டு வழக்கப்படி வீடும் வளவும் பெண்வழியே செல்வன. மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு அதன் அருகிலே மற்றொன்று என்று ஒரு தாய்வழிக் குடியினர் பெரும்பாலும் ஒரே சூழலில் வாழ்வர். கோயிற் சடங்கில் இன்ன குடிக்கு இன்ன நாள் என்னும் முறைமையும் அவ்வழியே வருவதாகும். இத்தகைய எங்கள் ஒழுங்கை, 2018ஆம் ஆண்டு நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்காக வட்டாரங்கள் வகுக்கப்பட்டபோது, ஓர் எல்லைக்கோடாக மாறிற்று. அன்னையார் ஒரு வட்டாரம். தமக்கையார் வேறொரு வட்டாரம்.

இதனை முதலிற் கேட்டபோது நான் சிரித்தேன். கல்லூரியின் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன் நான். எங்கேனும் ஓரிடத்திற் கோடு விழத்தானே வேண்டும்? "வாக்குத்தான் அம்மா வேறு, உறவு வேறாகிவிடாது" என்று பாடம் நடத்தும் குரலிலே அன்னையாருக்கு விளக்கினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. "மாரி வரட்டும் மகன், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மாரியும் வந்தது. ஒழுங்கையோரமாக ஓடிய கான் தூர்ந்து, வெள்ளம் இருபுறத்து முற்றங்களிலும் ஏறிற்று. தமக்கையாரின் அடுப்படியில் முழங்காலளவு தண்ணீர். நான் இரண்டு வட்டாரத்து உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினேன். கான் வந்து விழுமிடம் அடுத்த வட்டாரத்தில் உள்ளது என்றார் ஒருவர். கான் தொடங்குமிடம் அடுத்த வட்டாரத்தில் உள்ளது என்றார் மற்றவர். இருவரும் நல்லவர்கள், இருவரும் சொன்னது உண்மை. ஆயினும் தண்ணீர் வடியவில்லை. ஈற்றில் இருபுறத்துக் குடும்பங்களும் மண்வெட்டியோடு இறங்கிக் கானை வெட்டினோம். சேற்றில் நின்றுகொண்டு நான் எண்ணினேன்: எண்ணிக்கையைப் பார்த்துக் கீறிய கோடு, தண்ணீரைப் பார்த்துக் கீறப்படவில்லை.

தொகுதி வகுப்பதில் முதல் விதி சமத்துவம் என்பதை எவரும் மறுக்கார். ஒருவரின் வாக்குக்கு மற்றவரின் வாக்கைவிட அதிக நிறை இருத்தலாகாது. ஆனால் எண்களைச் சரிப்படுத்தும் சாட்டிலே கோட்டை வளைத்து வெற்றியைத் திருடுவோரும் உளர். அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1812ஆம் ஆண்டு ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட தொகுதிப் பிரிப்பிலே, ஒரு தொகுதி பல்லி போன்ற சலமந்தர் என்னும் பிராணியின் உருவத்தில் நெளிந்து கிடந்தது. ஆளுநரின் பெயரையும் அப்பிராணியின் பெயரையும் இணைத்துப் பிறந்த 'ஜெரிமாண்டர்' என்னும் வசைச்சொல் இரு நூற்றாண்டு கடந்தும் வழங்குகிறது.

நம் நாட்டின் சட்டம் இவ்விடயத்தை அறியாததன்று. 1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பு, மாகாணமொன்றில் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு ஓர் ஆசனமும் என்று கணக்கு வகுத்தது. அத்தோடு, இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ பொதுநலனால் ஒன்றுபட்ட மக்கள் ஓரிடத்தில் செறிந்திருப்பின், அவர்களும் பிரதிநிதித்துவம் பெறக்கூடியவாறு தொகுதிகளை வகுக்க எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. 'வேறு வகையாலோ' என்னும் அச்சிறு சொல்லையே என் மாணவர்களுக்கு நான் அடிக்கோடிட்டுக் காட்டுவது வழக்கம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இடம்பெற்ற பட்டிருப்புத் தொகுதி அச்சொல்லுக்கு ஏற்ற உதாரணம். அது எழுவான்கரையில் உள்ள களுவாஞ்சிகுடியையும் படுவான்கரையில் உள்ள வெல்லாவெளியையும் ஒன்றாகக் கொண்டது. வரைபடத்தைப் பார்ப்பவனுக்கு வாவி ஓர் இயற்கை எல்லை. எங்கள் உழவனுக்கோ அது எல்லையன்று, பாதை. அவன் வீடு இக்கரையில். அவன் வயல் அக்கரையில். இரு கரையையும் பிரித்திருந்தால் அவன் வாழ்வையே இரண்டாகப் பிளந்ததாகும்.

தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே மாலையிற் கோத்த இருநிற மணிகள்போல் மாறிமாறி வரும் இக்கரையோரத்தில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. 1960ஆம் ஆண்டு மார்ச் தேர்தல் முதல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்; விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1977இல் பொத்துவிலும் இவ்வாறே இரட்டைத் தொகுதியாயிற்று. அத்தேர்தலில் இவ்விரண்டு தொகுதிகளிலும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவாயினர். பிரிக்கமுடியாத இடத்திற் கோட்டை ஒடித்து வளைக்காமல் ஆசனத்தை இரட்டிப்பாக்கிய அறிவு அது. 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் விகிதாசார முறை வந்தபின், முழு மாவட்டமும் ஒரே தொகுதியாயிற்று. கோட்டின் சச்சரவு குறைந்தது; ஆனால் 'இவர் எங்கள் தொகுதியார்' என்று சுட்டத்தக்க ஒருவரும் இல்லாமற் போனார்.

வட்டாரமுறை உள்ளூராட்சிக்குத் திரும்பியபோது கோடுகளும் திரும்பின. இதுபற்றி அயலூர் முஸ்லிம் ஆசிரியர் ஒருவரோடு உரையாடினேன். "சேர், உங்கட ஒழுங்கையைப் பிரிச்சால் கான் அடைக்கும். எங்கட சின்ன ஊரைப் பிரிச்சுப் பெரிய வட்டாரங்களோட சேர்த்தால் குரல் அடைச்சுப் போகும். முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில இருக்கிற தமிழ்க் கிராமத்துக்கும் அதுதான் கதி" என்றார் அவர். நான் வாய் திறக்கவில்லை. என் குறை வெள்ளத்தோடு வடிவது. அவர் அச்சம் நான்காண்டு நிற்பது.

அவ்வச்சம் நாட்டின் பல பாகங்களிலும் இருந்ததை 2018 ஆகஸ்ட் 24ஆந் திகதி பாராளுமன்றம் காட்டிற்று. மாகாண சபைத் தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அதனைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தங்கள் பிரதிநிதிகள் குறைந்துவிடுவர் என்பது சிறுபான்மைக் கட்சிகளின் முறைப்பாடு. விளைவு யாது? 2012இல் தெரிவாகி 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு, 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் தேர்தல் நடந்திருக்கவில்லை. பிழையான கோடு கீறினால் குரல் குறையும். கோடே கீறாவிட்டால் சபையே இல்லாமற் போகும்.

அப்படியாயின் வழி என்ன? எங்கள் வாவியின் முகத்துவாரம் அதனைச் சொல்லும். பெருமழையில் வாவி நிறைந்து வயல்கள் மூழ்கும்போது, மணற்றிட்டை உடனே வெட்டவேண்டும் என்பர் படுவான்கரை உழவர். நீர் ஒரேயடியாக வடிந்தால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பர் மீனவர். இரு சாராரிலும் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். அந்நாளில் ஒரு நலனால் இணைந்தோரை இனக் கணக்கு மட்டும் காட்டாது. தலைக் கணக்கும் காட்டாது. வயலுக்குப் போகிறவனையும் வலை வீசுகிறவனையும் கேட்டே அறியவேண்டும். கோடு கீறுவதற்கும் அதுவே முறை.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வட்டார எல்லைகள் பற்றிய முறைப்பாடுகளைப் பொதுமக்களிடம் கேட்ட காலம் ஒன்றிருந்தது. எல்லை நிர்ணயத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான் ஒரு கடதாசிகூட எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையை அறியாதவரின் கோடு என்று பிறரைக் குறைகூற எனக்கு என்ன உரிமை உண்டு? அறிந்தவன் சொல்லாமலன்றோ இருந்தான்!

அதன்பின் என் வகுப்பிற் பாடத்தை மாற்றிக்கொண்டேன். ஊரின் வரைபடத்தைக் கொடுத்து, கோடு கீறுமுன் கோயிலையும் பள்ளிவாசலையும் சந்தையையும் துறையையும் குறிக்கச் சொல்கிறேன். படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, எல்லாவற்றையும் குறித்தபின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்று கேட்டேன். "மாரிக்குள்ள ஒருக்காப் போய்ப் பார்த்திட்டுத்தான் சேர் கீறவேணும்" என்றாள்.

அவளுக்கு முழுப் புள்ளி இட்டேன். மாலையில் வீடு சென்றதும் அன்னையாரிடம் இதனைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஒழுங்கையைக் கடந்து தமக்கையாரின் வீட்டுக்குக் கறிக்கிண்ணம் கொண்டு போனார்.