பொத்தானும் உண்மையும்

பழங்காலப் போர்களை ஆடை ஆயுதங்களுடன் திறந்த வெளியில் மீண்டும் நடித்துக் காட்டுவது மேனாடுகளிற் பலருக்குப் பொழுதுபோக்கு. அன்றைய சட்டையை இன்றைய தையல் இயந்திரத்தில் தைத்து அணிந்து வருபவனை இகழ்வோரும் அவர்களிடையே உளர். பொத்தானும் நூலும் அக்காலத்தனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் விரதம்.

இவ்விரதத்தை நாம் நெடுங்காலம் எள்ளி நகைத்தே வந்தோம். பொத்தானை எண்ணுபவன் போரின் காரணத்தை எண்ணுவதில்லை என்பது எமது முறைப்பாடு. 2010இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே, காங்கிரஸ் தேர்தலுக்கு நின்ற ஒருவர் நாஜிகளின் எஸ். எஸ். படைச் சீருடையில் தோன்றும் படங்கள் வெளியாயின. வரலாற்று ஆர்வமேயன்றி வேறெதுவுமில்லை என்று அவர் வாதாடினார். அத்தகைய களங்களிலே பொத்தான் உண்டு, வதைமுகாம் இல்லை. எமது நகைப்பு வெறுப்பாக மாறியது.

இவ்வெண்ணத்தை அசைத்தது 'ஒர்கிறீவ் போர்' என்னும் ஆங்கிலப் படம்.

சுரங்கங்களை மூடும் தட்சர் அரசின் திட்டத்தை எதிர்த்து 1984இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். யூன் 18ஆம் நாள், தென் யோக்சயரின் ஒர்கிறீவ் கோக் ஆலையருகே அவர்கள்மீது குதிரைப் பொலிசார் பாய்ந்தனர். அன்று மாலை பி.பி.சி. செய்தியிலோ தொழிலாளரின் கல்லெறி முன்னதாகவும், குதிரைப் பாய்ச்சல் பின்னதாகவும் காட்டப்பட்டன. காட்சிகளின் வரிசை தவறுதலாக மாறிவிட்டதென்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. தொழிலாளர் 95 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 1985இல் வழக்கு நிலைகுலைந்து வீழ்ந்தது.

2001 யூன் 17இல் ஜெரமி டெல்லர் என்னும் கலைஞர் அம்மோதலை அவ்வூரிலேயே மீண்டும் நடிக்கச் செய்தார். பழம் போர்களை நடித்துப் பழகிய ஏறத்தாழ 800 பேரோடு, முன்னாட் சுரங்கத் தொழிலாளர் 200 பேரும் களமிறங்கினர். மைக் பிக்கிஸ் அதனைப் படமாக்கினார்.

பட்ட அடியை விளையாட்டாக்குவதா என்று முதலில் எமக்கும் உறுத்தியது. தொழிலாளருட் சிலர் பொலிசாரின் உடையைத் தரித்து நின்றமை இன்னும் உறுத்தியது. ஆயினும், பிற களங்களில் மாண்டோர் எழுந்துவந்து "இது பொய்" என்று சொல்வதில்லை. இங்கே சாட்சிகள் உயிரோடு நின்றனர். தம் கதையைப் பிறர் சொல்ல வாளாவிருந்தவர்கள், அதைத் தாமே சொல்ல வந்தனர். உடை யாருடையது என்பதன்று கேள்வி. அவ்வுடையால் அடிபட்டவனுக்குக் களத்தில் இடமுண்டா என்பதே கேள்வி.

எமது பழைய நகைப்பும் பிழையென அன்றுதான் உணர்ந்தோம். கல் முன்னா, குதிரை முன்னா என்பதும் பொத்தானைப்போல ஒரு சிறு நுணுக்கமே. அந்த ஒரு நுணுக்கம் பிறழ்ந்தமையாலேயே, அன்று மாலை தாக்குண்டவன் தாக்கியவனாக வீடுதோறும் காட்சியளித்தான். நுணுக்கத்தை வெறுப்பது எம்போன்றோர்க்கு அழகன்று. எதில் நுணுக்கம் என்று கேட்பதே எமது கடன்.

நாடகம் நீதி வழங்கிவிடாது. ஒர்கிறீவ் பற்றிய பொது விசாரணையைப் பிரித்தானிய அரசு அறிவித்தது 2025இலேதான். நாற்பத்தோராண்டுகள்! அதற்கிடையே கண்ணை மூடியவர் எத்தனை பேரோ! எஞ்சியோர் நினைவில் அந்நாளின் வரிசை பிறழாமல் நிற்கிறது. வரலாறு கற்பிப்போரும் கற்போரும் முதலிற் செவிசாய்க்கவேண்டியது அவர்களுக்கே.