எந்த மாதத்தில் பார்த்தாராம்?

கன்னியாகுமரியில் சூரியன் உதித்து நான் பார்த்ததில்லை. மறைந்தும் பார்த்ததில்லை. இரண்டையும் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் பெங்களூரில் சிலர் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். பாராட்டு வந்தபோதெல்லாம் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையில் பொய் கலக்காத பத்தி ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மனுஷனுக்குக் கொஞ்சமாவது பெருமை வேண்டாமா. பெங்களூரும் கன்னியாகுமரியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. நேர்கோட்டில் பார்த்தால் நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் பகலும் இரவும் சமமாகிற மார்ச் 20, 21 வாக்கில், அல்சூர் ஏரிக்கரையில் நடப்பவருக்கும் குமரி முனையில் நிற்பவருக்கும் சூரியன் ஒன்றிரண்டு நிமிட வித்தியாசத்தில், காலை 6.25 சுமாருக்கு எழுந்துவிடும். டிசம்பரில் குமரிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். ஜூனில் நாம் முந்திக்கொள்வோம். அட்லஸையும் பஞ்சாங்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, அறையை விட்டு நகராமல் இதைப் பிடித்தேன். பிடித்த சந்தோஷத்தில் ஒரு பத்திரிகைக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கு சார், அன்னைக்கு அங்க நின்ன மாதிரி எழுதுங்க" என்றார் ஆசிரியர். நின்று எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை அல்லவா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் விடியலில் எழுந்திருக்காத ஜென்மம். இந்த ஊரில் அது மாட்டிக்கொள்ளக்கூடிய குறை. சனிக்கிழமை இரவு தாண்டி இரண்டரை, மூன்று மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தைப் பாருங்கள். பைக்கும் காருமாக வடக்கே பறக்கிற இளவட்டத்தில் பாதிப் பேர் நந்தி மலைக்குத்தான் போகிறார்கள். 60 கிலோமீட்டர் தூரம், 1,478 மீட்டர் உயரம். கேட் திறக்கும் முன்பே அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஒருமுறை ஆபீஸ் நண்பர்கள் என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் திப்பு டிராப் பக்கம் போய் நின்றார்கள். நான் நிறுத்திய காரின் பின்சீட்டிலேயே தூங்கினேன். திரும்பும் வழியில் தட்டு இட்லி சாப்பிடும்போது நண்பன் எடுத்த படம் ஒன்றை வாங்கி அக்காவுக்கு அனுப்பினேன். "நீ எடுத்ததாடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதெல்லாம் சின்னப் பொய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அஸ்தமனத்துக்காவது சிரமம் இல்லை, மாலை ஆறரைக்கு யாரும் விழித்திருக்கலாம். சங்கராந்தி அன்று மாலை கவிபுரம் கங்காதரேஸ்வரர் குகைக்கோயிலில், வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். உள்ளூர்க்காரன் என்கிற முறையில் அதைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறேன். பார்த்தது டிவியில்.

குமரிக்கு நான் போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நண்பகலில் இறங்கினோம், சங்கு மாலையும் கலர் மணல் பாக்கெட்டும் வாங்கினோம், வெயில் தாழும் முன்பே வாத்தியார் எல்லோரையும் எண்ணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கட்டுரைக்கு அது போதாது. அப்போது கைகொடுத்தது போர்ச்சுகல். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், சாக்ரெஸ் ஊருக்குப் பக்கத்தில், சாவ் விசென்ட் என்று ஒரு முனை இருக்கிறது. செங்குத்தான பாறை, மேலே கலங்கரை விளக்கம், எதிரே அட்லாண்டிக். சாயங்காலமானால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கரையின் வசந்தகால மாலைகளைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். பாறையை எடுத்துவிட்டு விவேகானந்தர் பாறையைப் போட்டேன். கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினேன். வானத்தை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

விவரம் தெரிந்தவர் அந்த வானத்திலேயே என்னைப் பிடித்திருப்பார். சாக்ரெஸ் இருப்பது வடக்கே 37 பாகையில். அங்கே சூரியன் அடிவானத்தை நோக்கிச் சரிந்து சரிந்து இறங்கும், அதனால் அந்திவெளிச்சம் இழுத்துக்கொண்டே போகும். குமரி 8 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன், கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுகிற மாதிரி, கிட்டத்தட்ட நேர்க்குத்தாக விழும். சிவப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். நானோ குமரிக் கடலின் மேல் வெகுநேரம் செவ்வானம் தங்கியதாக ஒரு பக்கம் உருகியிருந்தேன். தவிர, வசந்தம் போர்ச்சுகல்காரர்களுக்குத்தான் வெளிச்சத்தின் திருவிழா. அங்கே குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், முந்தின நாள் ஏழுக்குச் சற்று முன் மறைந்த சூரியன் மறுநாள் எட்டுக்குச் சற்று முன் மறையும். பெங்களூரில் ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் பகலின் நீளம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் மாறும். மார்ச் வந்தது நமக்குத் தெரிவது தபெபூயா மரங்கள் ரோஜா நிறத்தில் கொட்டுவதிலும், தண்ணீர் லாரியின் வாடகை ஏறுவதிலும்தான். அவர்களுடைய பரவசத்தை அவர்களுடைய காரணம் இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவும் அலங்காரப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது ஒரே ஒரு வரியால். 'ஒரே இடத்தில் நின்றபடி ஆண்டு முழுவதும் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கடலிலேயே காணலாம்' என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் எடுத்துச் சொன்ன வரி அதுதான்.

உதயம் சரிதான், அது கடலிலேயே நடக்கும். அஸ்தமனம் அப்படியல்ல. மார்ச் சமநாளில் சூரியன் நேர் மேற்கே மறைகிறது. அதன் பிறகு தினமும் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, மே மூன்றாவது வாரத்தில் சுமார் 20 பாகை தள்ளிப் போய்விடுகிறது. குமரியிலிருந்து முட்டம் பக்கம் போகிற கரை வடமேற்காக ஏறுகிறது. அதனால் முனையில் நின்று பார்ப்பவருக்கு மே மாதச் சூரியன் தரையில்தான் இறங்கும். இரண்டையும் கடலில் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை போக வேண்டும் என்று அங்கே ஆட்டோ ஓட்டுகிறவர்கூடச் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

பெங்களூர்க் குடும்பங்கள் பயணம் கிளம்புவது பள்ளி விடுமுறையில், அதாவது மே மாதத்தில். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெண்மணி, கட்டுரையைப் படித்துவிட்டு, வயதான அப்பாவை ஐலண்ட் எக்ஸ்பிரஸில் அழைத்துப் போயிருக்கிறார். ஓர் இரவும் மறுநாளின் பெரும்பகுதியும் ரயிலில். திரும்பி வந்ததும் பத்திரிகையில் நம்பர் வாங்கி என்னை அழைத்தார். ஒரு படமும் அனுப்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர், மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, கண்கள் தெற்கே கடலைப் பார்த்தபடி. அவருடைய முதுகுக்குப் பின்னால், லாட்ஜ்களின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, வட்டமாகச் சூரியன்.

"மேகம் மறைச்சிருக்கும் மேடம்" என்றேன். படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னேன்.

"மேகமே இல்ல சார். நல்லாத் தெரிஞ்சுது. ரூமுக்குப் பின்னாடி இறங்கிடுச்சு. அந்த எழுத்தாளர் எந்த மாசத்துல பார்த்தாராம்னு அப்பா கேக்கச் சொன்னாரு."

"டிசம்பர்ல போங்க மேடம், அற்புதமா இருக்கும்."

"அப்பாவுக்கு எண்பத்து மூணு சார்" என்றார். கோபம் எதுவும் இல்லை. ஏதோ விவரம் சொல்வதுபோலச் சொன்னார். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதையும் அவர் கவனித்திருப்பார்.

அன்றைக்கே பத்திரிகைக்கு இரண்டு வரித் திருத்தம் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. சில காலம் கழித்து என் பயணக் கட்டுரைகள் தொகுப்பாக வந்தன. அச்சுக்குப் போகும் முன் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. 'ஆண்டு முழுவதும்' என்ற இரண்டு சொற்களை அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பேனாவை எடுத்தேன். அடித்தால் பதிப்பாளர் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால், அப்படியானால் நீங்கள் எப்போது போனீர்கள் என்பார். அந்தப் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பினேன்.