பணிவு யாருக்கான பாடம்?

"நம்ம மண்ணின் பண்பாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்றுத்தர வேண்டும்" என்று சமூகக் கல்விக் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். சரி, எந்தப் பண்பாடு?

இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் மேலும் பதினொரு தடைகள். அதில் ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதார் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும். இதுவும் இந்த மண்ணில் நடந்ததுதான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பெரியவர்களை மதிப்பது பற்றிப் பேசிய அன்று, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஊருக்குள்ள சின்னப் பையன்கூட எங்க தாத்தாவைப் பேரு சொல்லி 'வாடா'ங்கிறான். அவனுக்கு இந்தப் பாடம் கிடையாதாக்கா?"

கிடையாது. பணிவுப் பாடம் காலனிக்குத்தான் வருகிறது, ஊர்த்தெருவுக்குப் போவதில்லை. மரியாதை நல்ல பழக்கம்தான், நம் பிள்ளைகளும் கற்கட்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் மரியாதைக்கு ஒழுக்கம் என்று பெயர் இல்லை, சாதி என்று பெயர்.

பண்பாட்டுப் பாடம் தயாரிக்கும் தோழர்களே, முதல் வகுப்பை ஊர்த்தெருவில் நடத்துங்கள். அந்தத் தாத்தாவை "ஐயா" என்று கூப்பிடுவதில் தொடங்கலாம்.