நாராவில் தலை வணங்கிய மான்

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்றால், கடலைக் காட்டுக்கோ சோளக் காட்டுக்கோ போகிறோம் என்று அர்த்தம். சத்தியமங்கலத்துக்கு மேற்கே இருக்கிறது எங்கள் மூன்று ஏக்கர். எங்கள் காடு முடிகிற இடத்தில் வனம் ஆரம்பிக்கிறது. அதனால் கடலை பூப்பிடிக்கிற நாளிலிருந்து, நாங்கள் வீட்டில் படுப்பதைவிடப் பரணில் படுப்பதுதான் அதிகம். பன்றி வரும், மயில் வரும், புள்ளிமான் கூட்டமாக வரும்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். அழுகின முட்டைக் கரைசல் தெளித்தோம். தகர டப்பா கட்டினோம். எல்லாம் பத்து நாள்தான். அப்புறம் மான் பழகிவிடும். கடைசியில் நைலான் வலை வாங்கிக் கட்டினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம் விடியற்காலை. வலை ஓரத்தில் ஏதோ துடிப்பது தெரிந்தது. மான்குட்டி. கழுத்திலும் காலிலும் வலை சுற்றிக்கொண்டு, இழுக்க இழுக்க இறுகியிருந்தது. வீட்டுக்காரர் வனக்காவலருக்குப் போன் போட்டார். நான் அரிவாளால் வலையை அறுத்தேன். கால் விடுபட்டது. கழுத்தை அறுப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தாய் மான் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் பாதிக் கடலைதான் வீடு வந்தது. அந்தக் கோபமும் உண்டு, குட்டியின் கண்ணும் மறக்கவில்லை. இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் போன கார்த்திகை மாசம் ஜப்பானுக்குப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் ஒசாகா நகரத்தில் வேலை செய்கிறார்கள். ஆறு வயசுப் பேத்தி இருக்கிறாள். “அம்மாயி, உங்களுக்கு மான் காட்டுறேன் வாங்க” என்று அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பினாள். மானைப் பார்க்க நான் ஜப்பான் வர வேண்டுமா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கும்பிடு போடுகிற மான்

ஒசாகாவிலிருந்து நாரா ஊருக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இக்கோமா மலைக்குள் குகைப்பாதையில் புகுந்து அந்தப் பக்கம் இறங்குகிறது ரயில். 710-ஆம் ஆண்டு முதல் எழுபது வருஷத்துக்கு மேல் ஜப்பானின் தலைநகரமாக இருந்த ஊர் நாரா.

ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்ததுமே மான்கள். நடைபாதையில், புல்வெளியில், கடை வாசலில் என்று எங்கே பார்த்தாலும் மான். அந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. வேலி இல்லை, கூண்டு இல்லை. நம் ஊரில் மாடு நடுரோட்டில் படுத்திருக்குமே, அந்த மாதிரி படுத்திருக்கின்றன.

மானுக்கென்றே ஒரு ரொட்டி விற்கிறார்கள். அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்துச் சுட்டது. ஒரு கட்டு 200 யென். நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். கட்டைச் சுற்றியிருக்கிற காகிதப் பட்டையையும் மான் தின்னலாம், கெடுதல் இல்லை. ரொட்டி விற்ற காசில் ஒரு பங்கு மான்களைப் பராமரிக்கிற அமைப்புக்குப் போகிறது.

பேத்தி ரொட்டியை நீட்டி, தலையைக் குனிந்தாள். எதிரில் நின்ற மானும் தலையைக் குனிந்தது. அவள் மறுபடி குனிய, அதுவும் குனிந்தது. அப்புறம்தான் ரொட்டியை வாங்கிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால், கொடுக்காமல் ஏய்த்தால் மான் சும்மா விடாது. பக்கத்தில் ஒரு பையன் விளையாட்டுக் காட்டப் போய், சட்டையைக் கடித்து இழுத்துவிட்டது. ‘கடிக்கும், உதைக்கும், முட்டும், தள்ளிவிடும்’ என்று படம் போட்ட பலகையே வைத்திருக்கிறார்கள். கிடா மான்களில் பலவற்றுக்குக் கொம்பு அறுத்திருந்தது. இலையுதிர் காலத்தில் கிடாக்கள் முரட்டுத்தனமாக இருக்கும் என்பதால், கொம்பு அறுப்பதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த வழக்கமாம்.

என் கண் மானைவிட்டு மரத்துக்குப் போனது. மான் வாய் எட்டுகிற உயரம் வரைக்கும் மரங்களில் இலையே இல்லை. கத்தரியால் நறுக்கினது போல் ஒரே மட்டம். வெள்ளாட்டுக்குப் பட்டி போட்ட இடம் மாதிரி. சின்ன மரங்களுக்குக் கம்பிவலைக் கூண்டு போட்டிருந்தார்கள். ஒரு புதரை மட்டும் எந்த மானும் தொடவில்லை. மாப்பிள்ளை போனில் பார்த்து, “அதுக்குப் பேரு அசெபிங்க அத்தை. ஜப்பான் எழுத்துல ‘குதிரை மயங்குற மரம்’னு எழுதுவாங்க. விஷச்செடி” என்றார். நம் ஊர் ஆடுதொடா இலை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புல்வெளியை மான்களே மேய்ந்து மட்டமாக வைத்திருக்கின்றன. புழுக்கையைச் சாண வண்டுகள் மண்ணுக்குள் கொண்டுபோய்விடுகின்றன. அது புல்லுக்கே உரமாகிறது.

ஒரு கைப்பிடி மண்

மான்களைத் தாண்டிப் போனால் தோதாய்ஜி கோயில். உள்ளே வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். உயரம் சுமார் 15 மீட்டர். அவரை வைத்திருக்கிற மரக் கட்டடம் 1709-ல் திருப்பிக் கட்டியது. முதலில் கட்டினது இதைவிடப் பெரியதாம்.

இந்தச் சிலை செய்வதற்கு முன்னால் அந்த நாட்டில் அம்மை நோயும் பஞ்சமும் வந்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்திருக்கிறார்கள். ஷோமு என்ற பேரரசர் 743-ல் ஓர் ஆணை போட்டார். ஒரு புல்லோ, ஒரு கைப்பிடி மண்ணோ கொண்டுவந்து கொடுத்து உதவ நினைக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இந்த வேலையைச் சொல்லிக் குடியானவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அதன் கருத்து. மாப்பிள்ளை இதைச் சொன்னதும் எனக்குக் கோயில்மேல் ஒரு மரியாதை வந்தது.

இன்னொரு விஷயமும் சொன்னார். 752-ல் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளக் கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். நம் கோயிலில் சிற்பி சாமிக்குக் கண் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை.

கோடு போட வைத்தவர்கள் விவசாயிகள்

அடுத்து கசுகா கோயிலுக்குப் போனோம். வழி நெடுக, பாசி பிடித்த கல் விளக்குகள். இடையிடையே மான்கள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு தெய்வம் வெள்ளை மான்மேல் ஏறி இந்த மலைக்கு வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மான் தெய்வத்தின் தூதர். முருகனுக்கு மயில் மாதிரி. அந்த மயில்தான் நம் காட்டில் விதையைக் கொத்துகிறது. சாமி வாகனம் என்று நாமும் கை ஓங்க மாட்டோம்.

கோயில் படியில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். அப்போதுதான் பேத்தி கேட்டாள்: “அம்மாயி, நம்ம காட்டுக்கும் மான் வருமா? அதுவும் கும்பிடு போடுமா?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. “வரும் சாமி. கும்பிடாது. நம்ம கடலையைத் தின்னுட்டுப் போயிரும்” என்றேன். “ரொட்டி குடுங்க அம்மாயி, அப்ப கடலையைத் தின்னாது” என்றாள் அவள்.

“ரொட்டிக்குக் காசு யாரு குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். “இந்த மானெல்லாம் ராத்திரி பக்கத்துக் காட்டுக்குப் போகாதுங்களா? இங்க வெள்ளாமை பண்றவங்க என்ன பண்றாங்க?”

அவர் தேடிப் படித்துச் சொன்னார். நாரா மான்கள் 1957-ல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. ஆனால், பூங்காவைச் சுற்றியிருந்த விவசாயிகளின் பயிரை அவை தின்று தீர்த்திருக்கின்றன. 1970-களின் கடைசியில் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். யார்மேல் தெரியுமா? அந்தக் கசுகா கோயில்மேலும், மான் பாதுகாப்பு அமைப்பின்மேலும்தான். 1985-ல் சமரசம் ஆனது. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். பூங்காவும் அதை ஒட்டிய இடமும் மானுக்கு. அதைத் தாண்டி நடுவில் ஒரு பகுதி, அங்கே பயிரைத் தின்கிற மானைப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துத் தீனி போட வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. அதற்கும் வெளியே வெள்ளாமைக்காடு. அங்கே அனுமதி வாங்கி மானைக் குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் காட்டு விலங்குகளால் ஆகிற பயிர்ச் சேதத்தில் மான்தான் முதலிடம் என்றும் சொன்னார்.

காலையிலிருந்து ‘இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பு இருக்கிறது. ஆனால், அந்த அன்புக்கு ஆகிற செலவை முதலில் பக்கத்து விவசாயிதான் சத்தமில்லாமல் சுமந்திருக்கிறான். அவன் வாய் திறந்த பிறகுதான் கோடு விழுந்திருக்கிறது.

அன்பாலும் கெடுதல் வரும் என்பதற்கு ஒரு சங்கதி. 2019-ல் அங்கே செத்துப்போன மான்கள் பலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் பை இருந்தது. ஒரு மானின் வயிற்றில் மட்டும் நான்கு கிலோவுக்கு மேல். தின்பண்டம் வைத்திருந்த பையையும் சேர்த்து மான் தின்றிருக்கிறது. நம் ஊரில் குப்பைமேட்டில் மேய்கிற மாடுகளுக்கு நடப்பதும் இதுதானே?

கண்ணாடிக்குப் பின்னால்

மூன்று மணிக்குக் கிளம்பி, இக்கோமாவில் ரயில் மாறி, ஒசாகா துறைமுகத்துக்கு வந்தோம். அங்கே ‘கையுகான்’ என்ற மீன் காட்சியகம் இருக்கிறது. 1990-ல் திறந்தது. முதலில் மின்படியில் மேல் மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். மேலே மலைக்காடும் ஓடையும், கீழே போகப்போக ஆழ்கடல். மலையில் விழுகிற தண்ணீர் கடலுக்குப் போகிற வழி மாதிரி இருந்தது.

ஓடையில் நீர்நாய்கள் விளையாடிக்கொண்டிருந்தன. மாயாற்றில் நான் நீர்நாய் பார்த்திருக்கிறேன். வலையைக் கடித்து மீனைத் தின்கிறது என்று மீன் பிடிக்கிறவர்கள் அதைத் திட்டுவார்கள். இங்கே அதே சாதியைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

நடுவில் 5,400 டன் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டி. ஒன்பது மீட்டர் ஆழம். அதில் திமிங்கிலச் சுறா, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, மெதுவாகச் சுற்றி வந்தது. பேத்தி கண்ணாடியில் கன்னத்தை வைத்து நின்றாள். கண்ணாடி என்றால் கண்ணாடி இல்லை, 30 சென்டிமீட்டர் தடிமனான அக்ரிலிக் பலகை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே மனுஷனுக்கும் மிருகத்துக்கும் நடுவில் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான பலகை. நாராவில் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. எங்கள் காட்டில் நடுவில் நான் கட்டின நைலான் வலை. நடுவில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். அது என்னவென்று யோசிக்காமல், கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் கட்டினோம். ராத்திரி ரயிலில், மான்குட்டி செத்த கதையை மகளிடம் முதல் முறையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளுவைக் குச்சி

ஊருக்கு வந்ததும் வலையை அவிழ்த்துவிட்டோம். என் மாமியார் காலத்தில் எங்கள் காட்டைச் சுற்றி முள்ளுக் கிளுவை வேலி இருந்தது. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று நாங்கள்தான் பிடுங்கிப் போட்டோம். இந்தக் கோடையில் மழை பெய்த ஈரத்தில், பக்கத்துக் காட்டுக்காரர்கள் நான்கு பேரோடு சேர்ந்து, வன ஓரம் முழுக்கக் கிளுவைக் குச்சி நட்டோம். உள்வரிசையில் ஆமணக்கு போட்டிருக்கிறோம். மான் ஆமணக்கில் வாய் வைக்காது. பரண் காவலையும் ஐந்து குடும்பமும் முறை வைத்துப் பார்க்கிறோம்.

கிளுவை அடர்ந்து வேலியாக மூன்று நான்கு வருஷம் ஆகும். மான் தாண்டவே தாண்டாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், வலை மாதிரி அது எந்தக் குட்டியின் கழுத்தையும் இறுக்காது. அதேபோல், எங்கள் இழப்பை நாங்கள் சத்தமில்லாமல் சுமக்கப் போவதும் இல்லை. ஐந்து காட்டின் சேதத்தையும் தேதி போட்டு, போட்டோ எடுத்து, ஒரே மனுவாக எழுதப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

பேத்தி போனில் கேட்கிறாள், “மான் வந்துச்சா அம்மாயி?” என்று. வந்தது. போன வாரம் ஆறேழு உருப்படி, விடியற்காலையில், கிளுவைத் துளிருக்கு அந்தப் பக்கம் நின்றன. இந்தப் பக்கம் கடலை இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கிறது.

ஓர் உதவி வேண்டும். வன ஓரத்தில் கிளுவை வேலி வைத்து மானைச் சமாளித்த அனுபவம் உள்ளவர்கள், குச்சிக்குக் குச்சி எத்தனை அடி விட்டீர்கள், எந்த வருஷம் கவாத்து செய்தீர்கள் என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். எங்கள் ஐந்து குடும்பமும் காத்திருக்கிறோம்.